பூட்டிய வீட்டுத் திட்டத்தின் முதல் வெற்றி

மனித குலம் தன்னைக் காத்துக்கொள்ள இதுவரை செய்துகொண்ட ஏற்பாடுகளிலேயே தலைசிறந்தது எங்கள் தெருவில்தான் அமலுக்கு வந்தது. இதைச் சொல்வதில் எனக்கு எள்ளளவும் தற்பெருமை இல்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கோட்டை கட்டினார்கள், அகழி வெட்டினார்கள், அகழியில் முதலையும் விட்டார்கள். எல்லாம் வெளியாள் உள்ளே வராமல் இருக்கத்தான். வீட்டுக்காரரே உள்ளே போக முடியாத அளவுக்குப் பாதுகாப்பை உயர்த்திக் காட்டிய பெருமை எங்கள் பகுதிக் காவல் நிலையத்தையே சேரும்.

எல்லாப் புகழும் புதிதாக வந்த ஆய்வாளருக்கு. அவர் வருவதற்கு முன்பு, திருட்டுப் போன பிறகு புகார் கொடுக்கும் பழங்கால வழக்கம் எங்களிடம் இருந்தது. அவர் வந்ததும் எங்களை எல்லாம் பள்ளிக்கூட ஹாலுக்கு வரவழைத்து, திரையில் படம் காட்டி, கையில் ஆளுக்கொரு துண்டறிக்கை கொடுத்து, 'முன்தடுப்பு' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். அன்று அவர் பேசிய பேச்சில் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விட்டது. மீதிப் பேர் ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தார்கள்.

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே முகம் செய்றாங்க. உங்க தம்பி மாதிரியே வீடியோவுல வந்து சிரிப்பான். உங்க மாமா குரல்லயே பேசுவான். அதனால முகத்தை நம்பாதீங்க, குரலை நம்பாதீங்க. நமக்குத் தெரிஞ்சவங்கதானேன்னு நினைக்கிறீங்க பாருங்க, அங்கதான் ஏமாற ஆரம்பிக்கிறீங்க" என்றார் ஆய்வாளர்.

எங்கள் தெருவின் பல் டாக்டர் எழுந்தார். "அப்ப எதைத்தான் சார் நம்பறது?"

"நடைமுறையை நம்புங்க."

கைதட்டல் ஹாலின் கூரையைத் தொட்டது. தூங்கியவர்களும் எழுந்து கைதட்டினார்கள்.

துண்டறிக்கையை நான் வீட்டில் வைத்துப் பலமுறை படித்தேன். 'வெளியூர் போகும்போது அடையாள அட்டை, சான்றிதழ் போன்ற அசல் ஆவணங்களைக் கையில் கொண்டுபோய்த் தொலைக்காதீர்கள். வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள்' என்றது ஒரு விதி. 'அடையாள அட்டை காட்டாத யாரையும் நம்பாதீர்கள்' என்றது அதற்கடுத்த விதி. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் படிக்கும்போது எவ்வளவு அருமையாக இருக்கிறது, பாருங்கள்.

துண்டறிக்கையின் மகுடம், 'பூட்டிய வீட்டுத் திட்டம்'. நீங்கள் ஊருக்குப் போகிறீர்கள். வீட்டைப் பூட்டுகிறீர்கள். காவல் நிலையத்திலிருந்து வந்து உங்கள் பூட்டுக்கு மேலே தங்கள் பூட்டு ஒன்றைப் போடுவார்கள். அதன் சாவி நிலையத்தில் இருக்கும். திரும்பி வந்ததும் அடையாள அட்டையைக் காட்டிச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். அட்டை இல்லையென்றால் அதே தெருவில் உள்ள இரண்டு குடும்பத் தலைவர்கள் 'இவரை எங்களுக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதோடு கதவில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பும் ஒட்டப்படும்: 'இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை வரை ஆள் இல்லை. காவல்துறையின் கண்காணிப்பில் உள்ளது.'

"இதைப் படிச்சா திருடனுக்கு ரொம்ப வசதியா இருக்குமே. விசாரிக்கிற வேலை மிச்சம்" என்றாள் என் மனைவி.

அவளுக்குப் பொது நிர்வாகம் புரியாது. ஒளிவுமறைவு இல்லாமல் இருப்பது நவீன ஆட்சியின் இலக்கணம் என்று விளக்கினேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்பேர்ப்பட்ட திட்டத்தில் சேர ஒருவரும் முன்வரவில்லை என்பதுதான் கொடுமை. பக்கத்துத் தெருவில் யாராவது சேர்ந்துவிட்டால் எங்கள் தெருவின் மானம் என்ன ஆவது? ஆகவே நான் தையலக்காவைப் பிடித்தேன்.

தையலக்கா எங்கள் தெருவின் கடைசி வீடு. கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள். கூடத்தில் ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின், சுற்றிலும் துணிக் குவியல், நடுவில் அக்கா. தெருவில் அவர் கை படாத துணி கிடையாது. என்னைவிட வயதில் எவ்வளவோ சிறியவர். ஆனாலும் கைத்தடி பிடித்து நடக்கும் கிழவர் முதல் எல்லோருக்கும் அவர் அக்காதான். யார் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் 'நாளைக்குத் தரேன்' என்பார். முடியாது என்று சொல்லத் தெரியாது. அவரிடம் நான் கண்ட தலைசிறந்த குடிமைப் பண்பு அது.

அவருடைய தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு, ஒத்தாசைக்கு வெள்ளிக்கிழமை வரை போய் இருந்துவிட்டு வரக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எதுக்கண்ணா இதெல்லாம்? என் வீட்டுல என்ன இருக்கு? மெஷினும் உங்க துணிங்களும்தான்" என்றார்.

"எங்க துணிங்களுக்காகவாவது சேருங்க" என்றேன்.

அவருக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது என்றேனே, சேர்ந்துவிட்டார். அடையாள அட்டையையும் மகளின் சான்றிதழ்களையும் துண்டறிக்கை சொன்னபடி பீரோவில் பத்திரமாக வைத்தார். காவலர் வந்து பெரிய பூட்டாகப் போட்டார். பூட்டுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் சங்கத் தலைவர் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அக்காவும் படத்தில் இருந்திருப்பார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வருவதற்கு முன்பே, ஒரு மத்தியான வேளையில், அக்காவும் மகளும் அரக்கப்பரக்கத் திரும்பி வந்து நின்றார்கள். விஷயம் இதுதான். மகளுக்கு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் என்று சொன்னவர்கள் திடீரென்று போன் செய்து, நாளைக் காலையிலேயே வகுப்பு ஆரம்பம், வெள்ளைச் சீருடையில், அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊருக்கு மாலையில் ஒரே ஒரு பஸ். சான்றிதழ் பீரோவில். சீருடை மெஷின் மேல். ஓரம் மடித்துத் தைப்பது மட்டும் பாக்கி.

அக்கா தன் பூட்டைத் திறந்தார். அது திறந்தது. காவல்துறையின் பூட்டு திறக்கவில்லை. எவ்வளவு தரமான பூட்டு என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நானே அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். யார் வந்தாலும் எழுந்து நின்று வரவேற்க வேண்டும் என்பது ஆய்வாளரின் உத்தரவு. பூட்டுப் போட்ட அதே காவலர் எழுந்து நின்றார்.

"வாங்கக்கா! ஊர்லேர்ந்து எப்ப வந்தீங்க? தங்கச்சிக்கு என்ன குழந்தை?"

"பொண்ணு தம்பி. அந்தச் சாவியைக் குடுங்க, ரொம்ப அவசரம்."

"தாராளமா. அட்டையைக் காட்டுங்க."

"அட்டை வீட்டுக்குள்ள இருக்கு."

"பரவால்ல, போய் எடுத்துட்டு வாங்க."

"பூட்டு போட்டிருக்கீங்களே தம்பி."

"அதுக்கு ஏன் கவலைப்படறீங்க? சாவி பத்திரமா எங்ககிட்டதான் இருக்கு."

"அதைத்தான் குடுங்கன்னு கேக்கறேன்."

"அட்டையைக் காட்டுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த 'உங்கள் நண்பன்' பலகையைப் பார்த்தேன்.

"என்னைத் தெரியலையா தம்பி உங்களுக்கு?"

"எனக்கு உங்களைத் தெரியாதாக்கா? என் சட்டைகூட உங்ககிட்டதானே இருக்கு. எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம், திட்டத்துக்குத் தெரியணுமே" என்ற காவலர், குரலைத் தாழ்த்தி, "சட்டை முடிஞ்சிருச்சாக்கா? பட்டன் மட்டும்தானே பாக்கி?" என்று கேட்டுக்கொண்டார்.

ஆய்வாளர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் ஒரு நாளும் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. "அம்மா, இதெல்லாம் உங்க நல்லதுக்குத்தான். உங்களை மாதிரியே ஒருத்தி வந்து சாவி கேட்டா நாங்க தூக்கிக் குடுத்துடலாமா? நீங்களே சொல்லுங்க."

"நான்தான் சார் வந்திருக்கேன்."

"அவளும் அதையேதாம்மா சொல்லுவா."

தர்க்கம் என்றால் இதுதான். ஆய்வாளர் கருணையுடன் மாற்று வழியை நினைவுபடுத்தினார். "உங்க தெருவுல ரெண்டு குடும்பத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டா இப்பவே சாவி."

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சிரித்தேவிட்டார். "ரெண்டு பேரா? தெருவே வரும் சார்!"

தெருவுக்குத் திரும்பி வரும் வழியிலேயே என்னிடம், "அண்ணா, ஒண்ணு நீங்க போடுங்க. இன்னொண்ணு டாக்டர்கிட்ட வாங்கிடலாம்" என்றார்.

நான் நடையை மெதுவாக்கினேன். செயலாளர் என்பவர் நடுநிலை வகிக்க வேண்டியவர். ஒருவரைத் தெரியும் என்று சொல்வது ஒரு பக்கம் சாய்வதாகும். அதை அவரிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"என்னண்ணா இப்படிச் சொல்றீங்க? உங்க இடுப்பு அளவு எனக்கு மனப்பாடமாத் தெரியும். அண்ணிக்குத் தெரியாம எத்தனை தடவை பேன்ட்டைப் பிரிச்சு விட்டுத் தந்திருக்கேன்!"

நான் உடனே உஷாரானேன். 'உங்கள் அந்தரங்க விவரங்களை அறிந்தவர்போலப் பேசுவோரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை' என்று துண்டறிக்கையின் பின்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அதுவரை நான் 'தையலக்கா' என்று நினைத்துக்கொண்டிருந்தவர், அந்த நிமிடத்திலிருந்து 'தையலக்காவைப் போன்றவர்' ஆனார்.

பல் டாக்டர் நோயாளி யாரும் இல்லாமல் சும்மாதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"முகம் உங்க முகம்தான், மறுக்கலை. ஆனா முகத்தை நம்பாதீங்கன்னு ஆய்வாளரே சொல்லியிருக்காரே!"

"டாக்டர், போன மாசம்தானே என் கடவாய்ப் பல்லைப் புடுங்கி, முன்பல்லை அடைச்சீங்க? வாயைத் திறந்து காட்டறேன், பாருங்க."

டாக்டர் விளக்கைப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "என் வேலைதான். எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றார். பிறகு விளக்கை அணைத்தார். "அந்தப் பல்லைத் தெரியும்னு வேணா எழுதித் தரேன். மத்த உடம்புக்கு நான் எப்படிப் பொறுப்பேத்துக்க முடியும்?"

ஒரு நிபுணர் தன் துறையின் எல்லையை இவ்வளவு துல்லியமாக அறிந்திருப்பதைக் கண்டு மெய்சிலிர்த்தேன்.

எதிர்வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் கை சுளுக்கிக்கொண்டிருப்பதாக, அந்தக் கையையே ஆட்டிச் சொன்னார். அவருக்குப் பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அழைப்புமணி அடித்ததும் நின்றது. இப்படியே வீடு வீடாக ஏறி இறங்கி, 'தையலக்காவைப் போன்றவர்' கடைசியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மகள் பையைக் கீழே வைக்காமல் கூடவே நின்றாள். அந்தப் பெண் அழவில்லை. பஸ் நிலையம் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொண்டாங்க பேனாவை, நான் போடறேன்" என்று என் மனைவி ஈரக் கையோடு வந்தாள்.

"வீடு என் பேர்ல இருக்கு. குடும்பத் தலைவர் கையெழுத்துதான் செல்லும்" என்று விதியை எடுத்துச் சொன்னேன்.

"அப்ப தலைவரே போடுங்க."

"தலைவர் யோசிக்கிறார்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து யோசிச்சுட்டேதான் இருக்கார்" என்றாள். பிறகு அக்காவைப் போன்றவருக்கும் மகளைப் போன்றவளுக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். டீ கொடுப்பதைத் தடை செய்யும் விதி எதுவும் துண்டறிக்கையில் இல்லை. தேடிப் பார்த்தேன்.

இவ்வளவு நுட்பமான பிரச்சினையைத் தனிமனிதர்கள் முடிவு செய்யக் கூடாது என்பதால் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டினேன். தலைவர் வீட்டு போர்ட்டிகோவில் நாற்காலிகள் போடப்பட்டன. எங்கள் தலைவர் பெரிய அலுவலகம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து, எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடாமலே ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்ட அனுபவசாலி வழிகாட்டியாக வாய்த்தது எங்கள் பாக்கியம்.

"முதல்ல உண்மையான தையலக்காவுக்குத் தகவல் சொல்லணும். பாவம், ஊர்ல நிம்மதியா இருப்பாங்க. இங்க அவங்க வீட்டுக்கு ஆபத்து" என்றார் தலைவர்.

எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. நான் அக்காவின் எண்ணுக்கு போன் போட்டேன். மணி அடித்தது. போர்ட்டிகோ படியருகே நின்றவரின் கைப்பையிலும் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ, தையலக்காங்களா?" என்றேன்.

"ஆமாண்ணா."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"உங்க எதிர்லதான் நிக்கறேன்."

நான் போனை மூடிவிட்டு, சபையோரைப் பார்த்து, "போனையும் பறிச்சிருக்காங்க" என்றேன்.

போர்ட்டிகோவில் ஒரு பதற்றம் ஓடியது. அதுவரை வெறும் தோற்ற ஒற்றுமையாக இருந்த விவகாரம் இப்போது வேறு கட்டத்துக்குப் போய்விட்டது. உண்மையான அக்காவுக்கு என்ன ஆனதோ என்று டாக்டர் கண்கலங்கினார். "எவ்வளவு நல்ல மனுஷி! நாளைக்குத் தரேன்னு சொன்னா நாளைக்கே தருவாங்க" என்றார். ஆளாளுக்கு அக்காவின் குணநலன்களைச் சொல்ல ஆரம்பித்தோம். யாருக்கு எப்போது காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு ராப்பகலாக உட்கார்ந்தார் என்றெல்லாம் பேசப் பேச, இப்படி ஒருவர் நம் தெருவில் வாழ்வது எவ்வளவு பெரிய பேறு என்று எல்லோரும் நெகிழ்ந்துபோனோம். முடிவில், வெளியூர் சென்றுள்ள அக்கா நலமுடன் திரும்ப வாழ்த்துவது என்றும், அவரைப் போன்ற ஒருவர் தெருவில் நடமாடுவது குறித்து ஆழ்ந்த கவலை தெரிவிப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தால், படியருகே யாரும் இல்லை. மகளும் இல்லை.

"பாத்தீங்களா? நாலு பேர் கூடி விசாரிச்சதும் கம்பி நீட்டிட்டா. நான் அப்பவே நினைச்சேன்" என்றார் தலைவர்.

அந்த நிம்மதி அடங்குவதற்குள்தான் அந்தச் சத்தம் கேட்டது. கட கட கட கட. ஒரு இடைவெளி. மறுபடி கட கட கட.

தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும் அது எந்த மெஷின் என்று. பூட்டிய வீட்டிலிருந்து வந்தது.

எல்லோரும் கடைசி வீட்டு வாசலுக்கு ஓடினோம். கதவில் அரசாங்கப் பூட்டு அப்படியே தொங்கியது. 'இந்த வீட்டில் ஆள் இல்லை' என்று சிவப்பு எழுத்து உறுதியாகச் சொன்னது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காதை நம்புவதா, அறிவிப்பை நம்புவதா? படித்தவர்கள் என்பதால் அறிவிப்பை நம்பினோம்.

"ஆள் இல்லாத வீட்டுல மெஷின் ஓடுதுன்னா, திருடன்தான்" என்றார் டாக்டர்.

"திருடன் எதுக்குங்க தைக்கறான்?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"அதை அவன்கிட்டதான் கேக்கணும்."

காவலர் ஓடி வந்தார். ஆனால் பூட்டைத் திறக்க ஆய்வாளரின் அனுமதி வேண்டும். ஆய்வாளர் வந்து சேர, பூட்டின் முத்திரை பழுதுபடவில்லை என்று சாட்சிகள் முன்னிலையில் உறுதிசெய்ய, சாவி இருக்கும் உறையைப் பிரிக்க, எல்லாவற்றுக்கும் அதற்குரிய நேரம் பிடித்தது. அவசரப்பட்டு ஒருவர்கூடப் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. நடைமுறை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். இடையில் மெஷின் நின்றது. கொல்லைப் பக்கம் யாரோ ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. அப்புறம் உள்ளே ஒரே அமைதி.

கதவைத் திறந்தோம். 'தையலக்காவைப் போன்றவர்' ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். குற்றவியல் வரலாற்றிலேயே, திருடப் புகுந்த வீட்டில் பட்டன் தைத்த முதல் திருடர் அவராகத்தான் இருப்பார்.

காவலர் முன்னே வந்து உற்றுப் பார்த்தார். "சார், அடையாளம் தெரிஞ்சிருச்சு சார்! இது என் சட்டை!"

ஆளை அல்ல, சட்டையை. நடைமுறை இம்மி பிசகவில்லை.

"பட்டன் மட்டும்தான் பாக்கி தம்பி. எப்படியும் நீங்க வருவீங்கன்னு தெரியும். அதான் கையோட முடிச்சுடலாம்னு உக்காந்தேன்" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தார் அந்தப் பெண். டாக்டர் அடைத்த அதே பல்.

விசாரணை தொடங்கியது. கம்பி இல்லாத சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்திருக்கிறார். ஜன்னல் திட்டத்தின் வரம்புக்குள் வராது என்பதால் திட்டத்தின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் வீட்டு முக்காலி கிடந்தது. திருடர் அதையும் எங்கள் வீட்டிலிருந்து திருடித்தான் ஏறியிருக்கிறார் என்று ஆய்வாளரிடம் சொன்னேன். என் மனைவி மறுக்கவில்லை. பீரோவைத் திறந்து பார்த்ததில் ஆவணங்கள் எதுவும் இல்லை. அடையாள அட்டை மட்டும் அந்தப் பெண்ணின் கைப்பையில் இருந்தது. மெஷின் மேல் இருந்த வெள்ளைச் சீருடையையும் காணவில்லை.

"சீருடை எங்க?" என்றார் ஆய்வாளர்.

அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ் ஏறியிருக்கும் சார்."

ஒரு குற்றவாளியின் முகத்தில் இருக்க வேண்டிய வருத்தம் அதில் துளியும் இல்லை. சொல்லப்போனால் அன்று முழுதும் அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அதுதான்.

காவல் நிலையத்தில் அவரை ஒரு மூலையில் நிற்க வைத்தார்கள். கைப்பற்றிய பொருட்களை மேஜையில் பரப்பினார்கள். ஆய்வாளர் அடையாள அட்டையை எடுத்தார். அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார், மூலையில் நின்றவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அட்டையை அவரிடமே கொடுத்து, "காட்டுங்க" என்றார். அவர் வாங்கிக் காட்டினார். ஆய்வாளர் சட்டென்று எழுந்து நின்றார்.

"வாங்கம்மா! நீங்கதானா? எப்ப வந்தீங்க? உக்காருங்க, உக்காருங்க."

"இவ்வளவு நேரமா இங்கதானே சார் நிக்கறேன்."

"நின்னது அவங்கம்மா. நீங்க உக்காருங்க."

அக்கா உட்கார்ந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவருடைய வீட்டில் அவர் இல்லாத நேரத்தில் ஒருத்தி புகுந்துவிட்டதாகவும், தெருமக்களின் விழிப்புணர்வால் உடனே பிடித்துவிட்டதாகவும் ஆய்வாளர் பணிவுடன் தெரிவித்தார். அக்கா நன்றி சொன்னார். இப்போது ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம். பிடிபட்ட பெண்ணை வெளியே அனுப்ப வேண்டுமானால், அவளைத் தெரியும் என்று அட்டை வைத்திருக்கும் குடும்பத் தலைவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் பலகையைப் படிக்க ஆரம்பித்தேன். டாக்டர் ஏற்கெனவே வெளியே போயிருந்தார்.

அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, தானே கையெழுத்துப் போட்டு விடுவித்த பெண்ணைத் தானே அழைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். தன் வீட்டுக்குள் புகுந்தவருக்கே பிணை நிற்கும் பெருந்தன்மை எத்தனை தெருக்களில் கிடைக்கும்?

பூட்டிய வீட்டுத் திட்டத்தின் முதல் வெற்றி மேலிடம் வரை எட்டியது. எங்களுக்கு 'விழிப்பான தெரு' விருது அறிவித்தார்கள். விருது கொடுக்க உயர் அதிகாரி ஒருவரே வந்தார். பள்ளிக்கூட ஹால் நிரம்பி வழிந்தது. மேடையில் தலைவர், நான், டாக்டர், ஆய்வாளர், ஓரத்தில் புதுப் பட்டன் வைத்த சட்டையோடு காவலர். எல்லோரும் அவரவர் துணிகளிலேயே நல்லதாகப் பார்த்து உடுத்தி வந்திருந்தோம். எல்லாமே ஒரே கையால் தைக்கப்பட்டவை என்பது பிறகுதான் உறைத்தது. என் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்து, விழா முடிவதற்காகக் காத்திருந்தாள்.

உயர் அதிகாரி எங்களைப் பாராட்டிப் பேசினார். "அந்நியரைக் கண்டதும் அரைக் கணத்தில் அடையாளம் கண்டுகொண்ட தெரு இது" என்றார். கைதட்டினோம். பிறகு, வீட்டு உரிமையாளர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று தையலக்காவை மேடைக்கு அழைத்தார். அக்கா வந்தார். ஒலிபெருக்கியின் உயரத்தைக் காவலர் சரிசெய்து கொடுத்தார்.

"பயந்துட்டீங்களாம்மா?" என்று பரிவோடு கேட்டார் அதிகாரி.

"இல்ல சார். என் பொண்ணு வகுப்புல சேந்துட்டா."

அதிகாரிக்கு அது புரியவில்லை. புரிந்துவிட்டதைப் போலத் தலையசைத்தார். "உங்க வீட்டுல புகுந்தவ யாருன்னு இன்னும் தெரியலைன்னு ஆய்வாளர் சொல்றார். இத்தனை பேர் பாத்திருக்காங்க, ஒருத்தருக்கும் தெரியலையாம். உங்களுக்காவது அவளைத் தெரியுமாம்மா?"

அக்கா எங்களைப் பார்த்தார். டாக்டரை, தலைவரை, என்னை, ஒவ்வொருவரையும் அளவெடுப்பதைப் போலத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினார்.

"தெரியும் சார். இந்தத் தெருவுலயே அவளைத் தெரியும்னு கையெழுத்துப் போட்டவ நான் ஒருத்திதான்."